ஆவிக் குழாயைத் திறந்த கை

ஜெயந்தி,

இந்த நோட்டை நீ கையில் எடுக்கும்போது நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன். ஒரே வீட்டில் இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதுகிறவன் நம் பூஞ்சேரிப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்கும். நீ வேலைக்குக் கிளம்பிய பிறகு காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் நாள் உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா எழுதிகினு கீற?" என்றாள். லெட்டர் என்றேன். யாருக்கு என்றாள். உனக்கு என்றேன். "வூட்லயே கீற பொண்ணுக்கு லெட்டரா? சாயங்காலம் வந்தா வாயத் தொறந்து சொல்றது" என்றாள். வாயால் சொன்னதெல்லாம் போதும் என்றுதான் எழுதுகிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

எழுத்து வகுப்பில் நீ என்னைச் சேர்த்துவிட்டு எட்டு மாதம் ஆகிறது. அறுபத்தெட்டு வயதில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார முழங்கால் இடித்தது. இப்போது வெளியே போனாலே எனக்குத் திருவிழா மாதிரி இருக்கிறது. சோப்பு உறை, மருந்துக் கடைப் பலகை, சுவரில் பாதி கிழிந்த நோட்டீஸ், எதையும் விடுவதில்லை. போன மாதம் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸின் நெற்றியைப் படித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கல்பாக்கம் என்று நான் முடிப்பதற்கும் பஸ் கிளம்புவதற்கும் சரியாக இருந்தது. நான் ஏற வேண்டிய பஸ் அதுதான். "இன்னா பெருசு, ஏறலியா?" என்று கண்டக்டர் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டேன். யாரையும் கேட்காமல் அது எந்த பஸ் என்று தெரிந்துகொண்ட சந்தோஷம் ஒரு பங்கு. அதில் ஏறாமல் தப்பித்த நிம்மதி இன்னொரு பங்கு. அந்த பஸ்ஸில் யாரைப் பார்க்கக் கிளம்பினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த மாதம் நீ ஹைதராபாத் போகிறாய். பெரிய வேலை. போவதற்கு முன் இங்கே ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டிருக்கிறாய். ஓட்டலிலும் தொழிற்சாலையிலும் பாய்லர், ஆவிக் குழாய் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காட்டப்போகிற படம் அது. ஆவி பட்டால் உடம்பு நொடிக்கு நொடி என்ன ஆகும் என்று அதில் தெரிய வேண்டும். நிஜ மனிதனை வேகவைத்துப் படம் எடுக்க முடியாது என்பதால் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஆளைச் செய்து, அவன் உடம்பின் மேல் காயத்தை வரவழைக்கிறாய். அந்தப் படத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதை வைத்தவன் நான். படம் உன் கையை விட்டுப் போவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

அந்த ஆளை முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? நீ வீட்டிலிருந்து வேலை செய்த நாள். உன் லேப்டாப்பில் அவன் ஒட்டுத்துணி இல்லாமல் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். நீ மவுஸை நகர்த்தினால் மெதுவாகச் சுற்றினான். அம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வயசான மன்ஷன் மாதிரி கீறான், ஒரு லுங்கியாவது கட்டி உடு பாப்பா." நீ சிரித்துக்கொண்டே நீலக் கட்டம் போட்ட லுங்கி கட்டிவிட்டாய். அன்றிலிருந்து அவன் நம் வீட்டு ஆள் ஆகிவிட்டான். சாப்பிடும்போது அம்மா, "இன்னிக்கி அவரு எப்டி கீறாரு?" என்று விசாரித்தாள்.

நீ செய்கிற வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவன் தோலை மட்டும் தனியாக உரித்துப் பாய் விரித்த மாதிரி ஒரு படமாக வைத்திருந்தாய். முதுகு ஓரிடம், முகம் ஓரிடம், கைகள் பிளந்த வாழைமட்டை மாதிரி ஓரமாக. அதன் மேல் கண்ணாடித்தாள் போல ஒன்றைப் போட்டு, லேயர் என்றாய். அந்தத் தாளில் நீ எதை வரைந்தாலும் அவன் உடம்பில் அதே இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவன் கையை மடக்கினால் அதுவும் சேர்ந்து மடங்கியது. ஒரு தாளில் சிவப்பு, அடுத்ததில் வீக்கம், அதற்கடுத்ததில் கொப்புளம், கடைசியில் வெளுத்துச் சுருங்கிய தோல். திரையின் அடியில் நேரத்தைக் காட்டுகிற கோட்டை நீ இழுக்க இழுக்க ஒன்று மங்கி ஒன்று எழுந்தது. நிஜமான தழும்பு ஒன்று வேண்டும் என்று தேடினாய். பிறகு என் இடது கையைப் பார்த்தாய். மேகம் மூடியிருந்த ஒரு நாளில் மொட்டை மாடியில் ஸ்டூல் மேல் என் கையை வைக்கச் சொல்லி, சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்தாய். "ஆடாத நைனா, ஆடாத" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய்.

இரண்டு நாளில் என் தழும்பு அவன் கைக்குப் போய்விட்டது. நீ கோட்டைப் பின்னால் இழுத்தாய். தழும்பு கொப்புளமாகி, கொப்புளம் சிவப்பாகி, சிவப்பும் போய், வெறும் கை நின்றது. இருபது வருடத்துக்கு முந்திய என் கை. இன்னொரு தடவை காட்டு, இன்னொரு தடவை காட்டு என்று ஐந்தாறு தடவை கேட்டேன். வேடிக்கை பார்க்கிறேன் என்று நீ நினைத்தாய். கோட்டை அந்த முனைக்கு இழுத்தால் ஏழுமலையும் வேலையில் இருப்பான் அல்லவா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழுமலை யார் என்று உனக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கிறாய். கடற்கரை ரிசார்ட்டின் சலவைக் கூடத்தில் என்னுடன் வேலை பார்த்தவன். பராக்குப் பார்த்துக்கொண்டே ஆவிக் குழாயைத் திறந்தவன். கழன்று கிடந்த ஓஸ் அவன் முகத்துக்கு நேராகத் திரும்பியபோது நான் குறுக்கே கையை விரித்துத் தடுத்தேன். அவன் முகம் தப்பியது, என் கை வெந்தது. நீ நடக்கப் பழகிய நாளிலிருந்து கேட்ட கதை இது. நீ டம்ளரைக் கவிழ்த்தால் அம்மா, "ஏழுமல வேல பண்ணிட்டியா?" என்பாள். நீயும் பேசக் கற்றதும் அப்படியே சொன்னாய். பள்ளிக்கூடத்தில் உன் சிநேகிதிகளும் சொன்னார்கள். பார்த்தே இராத ஒரு மனிதனின் பெயர் நம் வீட்டில் கவனக்குறைவுக்குப் பெயராகிவிட்டது. நான் ஒரு நாளும் அதைத் தடுக்கவில்லை. சில சமயம் சிரித்தும் இருக்கிறேன்.

அந்தக் கதையைத்தான் உன் படத்துக்கும் கொடுத்தேன். மறுநாள் நீ என்னைக் கூப்பிட்டாய். "நைனா, ஒத்து வரல."

"எது?"

"கைய விரிச்சித் தடுத்தேன்னு சொல்ற. அப்ப மொதல்ல வேக வேண்டியது உள்ளங்கை. ஒன் உள்ளங்கைல ஒண்ணுமே இல்ல. முழங்கைலேந்து மணிக்கட்டு வரைக்கும் அடிப்பக்கம்தான் வெந்துகீது. மணிக்கட்டுல கோடு கிழிச்ச மாதிரி நின்னுட்து."

"ஆவி இன்னா ரோட்டப் பாத்தா போவும்? எங்க வேணா போவும்."

"போவாது நைனா. நேரா வர்றது நேராத்தான் படும்."

நீ விடவில்லை. அவனைக் குனிய வைத்தாய், திரும்ப வைத்தாய், கையை மேலே தூக்க வைத்தாய். அடுத்த நாள் சாயங்காலம் ஒரு நிலை கிடைத்தது. அவன் நிமிர்ந்து நின்றான். இடது கை நெஞ்சு உயரத்தில் நீட்டியிருந்தது. விரல்கள் காற்றில் எதையோ பிடித்து மூடியிருந்தன. கீழேயிருந்து ஆவி வந்தது. சிவப்பு அவன் கையின் அடிப்பக்கத்தில் படர்ந்து மணிக்கட்டில் நின்றது. அப்படியே என் தழும்பு.

"இப்டி நின்னா கச்சிதமா பொருந்துது. ஒன் கை எதையாவது புடிச்சிகினு இருந்துச்சா? வட்டமா, தட்டு மாதிரி?"

இருபது வருடமாக எத்தனையோ பேர் இந்தக் கையைப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் பார்த்தார், மேனேஜர் பார்த்தார், கல்யாண வீடுகளில் சட்டைக் கையை மடக்கி நானே காட்டியிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நான் கோபப்பட்டேன். "பட்டவனுக்குத் தெரியாதா? நான் சொன்னதப் போடு" என்றேன். "சரி நைனா, ஒன் இஷ்டம்" என்று திரும்பிக்கொண்டாய். பிறகு என் உள்ளங்கையில் இல்லாத புண்ணை அவன் உள்ளங்கையில் வரைந்தாய். படத்தில் வருகிற குரலும் அதையே சொல்கிறது: தன் கையைக் கொடுத்துக் கூட வேலை செய்தவனைக் காப்பாற்றிய ஒரு தொழிலாளி என்று. எனக்குத் தெரியாமல் அதைச் சேர்த்துவிட்டு, போட்டுக் காட்டியபோது உன் முகத்தில் எவ்வளவு பெருமை இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஜெயந்தி, என் கை ஒரு சக்கரத்தைப் பிடித்திருந்தது. நீ கண்டுபிடித்ததுதான் சரி.

அந்தச் சலவைக் கூடத்தில் ஆள் உயரத்துக்கும் மேலான மெஷின் ஒன்று இருந்தது. அதன் பின்னால், நெஞ்சு உயரத்தில், சோற்றுத் தட்டு அளவுக்கு இரண்டு இரும்புச் சக்கரங்கள். சிவப்பைத் திருப்பினால் ஆவி, நீலத்தைத் திருப்பினால் தண்ணீர். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அங்கே ஏழுமலைக்கு மட்டும்தான் தெரியும். துணி மூட்டைகளில் எந்தக் கட்டடம், எந்த அறை என்று சீட்டு கட்டியிருக்கும். அவன் தனக்குத் தானே பாட்டு முணுமுணுக்கிற மாதிரி அதைப் படித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிப்போடுவான். என் காதில் விழுவதற்காகத்தான் அப்படிப் படிக்கிறான் என்று வேறு யாருக்கும் தெரியாது. "யாராண்டயும் சொல்ல மாட்டேன் அண்ணாத்த" என்று ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

அவனுக்கும் ஒரு வெட்கம் இருந்தது. சதுரங்கப்பட்டினத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகில் ஏறினால் வாந்தி. குப்பத்தில் அவனை, "தரையிலயே நீஞ்சு மச்சான்" என்று கிண்டல் செய்வார்கள். சலவைக் கூடத்து வேலை கிடைத்த பிறகுதான் அவன் தலை நிமிர்ந்து நடந்தான். சட்டைப் பையில் பெயர் தைத்த யூனிபாரத்தை லீவு நாளிலும் போட்டுக்கொண்டு திரிவான்.

ஒரு சமயம் பழைய மெஷினை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். குழாய்களை இடம் மாற்றிப் போட்டு, தொட்டால் சுடாதபடி மேலே பஞ்சுறை சுற்றி, சக்கரங்களுக்கும் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்கள். சக்கரங்களுக்கு மேலே எழுத்துப் பலகை மாட்டினார்கள். மற்றவர்களுக்குப் பலகை வந்தது. எனக்கு நிறம் போயிற்று. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஆவி ஓஸ் ஒழுகியது. ஏழுமலை அதன் ஒரு முனையை மெஷினிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். "டிரம்ம கழுவிடலாம், தண்ணிய தொற அண்ணாத்த" என்றான். எந்தச் சக்கரம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குள் மெஷினுக்கு முன்பக்கம் புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எங்களைப் பார்க்க முடியாது, பேசினால் கேட்கும். அவர்கள் காதில் விழுமே என்று வாயை மூடிக்கொண்டு, கைக்கு வந்த சக்கரத்தைத் திருப்பினேன். ஆவி முதலில் அவன் கைகளில் பாய்ந்தது. அவன் ஓஸை விட்டுவிட்டான். அது துள்ளி எழுந்து கீழேயிருந்து என் கையில் அடித்தது. நான் சக்கரத்தைப் பிடித்திருந்ததால் உள்ளங்கை தப்பியது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். மேனேஜர் வந்து, யார் திறந்தது என்று கேட்டார். "நான் இல்ல சார்" என்றான் ஏழுமலை. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் அங்கே அவனைவிடப் பல வருடம் மூத்தவன். "அவன்தான் சார். நான் கைய வெச்சித் தடுத்தேன்" என்றேன். ஏழுமலை என்னைப் பார்த்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தப்பித்திருப்பான். அதைச் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு "நான் இல்ல சார்" என்று மட்டும் திரும்பச் சொன்னான். அவன் வேலை போயிற்று. வேறு வழியில்லாமல் தன் அண்ணனின் படகில் ஏறினான்.

எழுத்து தெரியாததால் வந்த வினை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது எழுத்து தெரிகிறது, அந்தச் சமாதானம் செல்லவில்லை. சக்கரத்தைத் தவறாகத் திருப்பியது எழுத்து தெரியாத கை. ஆஸ்பத்திரியில் பேசிய வாய்க்கு எழுத்து எதற்கு? நீ புது ஊருக்குப் போகிறாய், உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உன் கண் கண்டதை எந்தப் பெரியவனுக்காகவும் மாற்றாதே, அவன் உன் அப்பனாக இருந்தாலும். கோபமாகப் பேசுகிறவனுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று நினைக்காதே. அன்று எனக்கு அவ்வளவு கோபம் வந்தது நீ சரியாகச் சொன்னதால்தான்.

இதுவரை எழுதப் பதினோரு நாள் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை இந்த நோட்டை எடுத்துக்கொண்டு, தவறவிட்ட அதே கல்பாக்கம் பஸ்ஸில் ஏறினேன். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், சதுரங்கப்பட்டினம் கரையில் நிழலுக்குக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே ஏழுமலை மீன் பெட்டிகளில் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. இடது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை.

"இன்னா அண்ணாத்த, இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்றான். சிரிக்கவில்லை.

"உனக்கு ஒண்ணு படிச்சிக் காட்டணும் ஏழுமல."

"யாரு, நீயா? படிக்கப் போறியா?" இப்போது சிரித்தான். "படி, கேப்போம்."

மேலே எழுதியிருப்பதை முதலிலிருந்து படித்தேன். நான் படிக்கிற வேகம் உனக்குத் தெரியும். அவன் ஐஸ் அள்ளுவதை நிறுத்தவில்லை. வீட்டில் அவன் பெயரை எப்படிச் சொல்கிறோம் என்பது வந்தபோது மட்டும் "ஓ" என்றான். ஆஸ்பத்திரி வந்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். நான் அவனைவிடப் பல வருடம் மூத்தவன் என்ற இடத்தோடு நிறுத்திவிட்டேன். எழுத்து புரியாமல் நிற்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, பழைய பழக்கத்தில் நோட்டை எட்டிப் பார்த்து, மூட்டைச் சீட்டு படிக்கிற அதே முணுமுணுப்பில் "அவன்தான் சார்" என்று எனக்காகப் படித்தான்.

மீதியை எப்படிப் படித்து முடித்தேன் என்று தெரியவில்லை. மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. கேட்கத்தான் போயிருந்தேன், கேட்க வரவில்லை. ஐஸ் நிரம்பிய பெட்டியை மூடிவிட்டு, "ஒம் பொண்ணு படத்துல எத்தினி ஆளு?" என்றான்.

"ஒருத்தன்."

"ஒருத்தனா? அப்ப நான் எங்க?" இரண்டு கைகளையும் என் முகத்துக்கு முன்னால் நீட்டினான். புறங்கை முழுக்கத் தழும்பு, அதன் மேல் உப்பு. "வந்து இதயும் போட்டோ எடுத்துகினு போவச் சொல்லு. யாரு கை எங்க இருந்துச்சின்னு பாக்கறவன் பாத்துக்கட்டும்."

ஆகையால் வரும் ஞாயிறு நீ என்னுடன் வா. தார்ப்பாய் நிழலில் வெயில் விழாது, படம் நன்றாக வரும். அந்த ஆளின் உள்ளங்கையில் நீ வரைந்த புண்ணை அழித்துவிடு. அவன் கையைச் சக்கரத்தின் மேல் வை. பக்கத்தில் இன்னொரு ஆளைக் குத்துக்காலிட்டு உட்கார வை, ஓஸைக் கையில் கொடு, ஆவி முதலில் அவனைத் தொடட்டும். அந்தக் குரலை எடுத்துவிடு. சக்கரங்களுக்கு எழுத்தோடு நிறமும் வேண்டும் என்று படத்தில் எங்காவது சொல்ல முடிந்தால் சொல். இரண்டாவது ஆளுக்கும் ஒரு லுங்கி கட்டிவிடு. பள்ளி ஆண்டு விழாவில் வகுப்புக்காரர்கள் எழுதிய கடிதங்களைச் சுவரில் ஒட்டப்போகிறார்கள். இதையும் ஒட்டச் சொல்லிவிட்டேன். நான் பொய் சொன்னது ஊருக்கே கேட்கும்படிதான்.

முடிக்கலாம் என்று பேனாவைத் தூக்கியபோது அடுப்படியில் பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது. "ஏழுமல வேல பண்ணிட்டேன்" என்று அம்மா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நான் எழுந்து போய், அது ஏழுமலை செய்த வேலை இல்லை என்றேன். துடைக்கிற துணியைக் கையில் பிடித்தபடியே, "இன்னா சொல்ற?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உட்கார், படிக்கிறேன் என்றேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். இந்த வரியை எழுதி முடித்ததும் முதல் பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

உன் நைனா